மூன்று வரிக்குள் ஓர் எறும்பு
வாசகர் கேள்விகளும் பதில்களும்

தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கு இயற்கையைப் பற்றிய ஹைக்கூ என்ற ஜப்பானியக் குறுங்கவிதையை எழுதக் கற்றுத்தருவது குறித்து ஆசிரியர்களும் பெற்றோரும் கேட்டிருக்கும் கேள்விகளுக்கு இம்முறை பதில் எழுதுகிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒருவருடைய கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். பதில்களில் வரும் குழந்தைகளின் வரிகள் நான் நடத்திய வகுப்புகளில் பிறந்தவை. பிழை திருத்தம் தவிர அவற்றில் கை வைக்கவில்லை. கை வைத்துக் கெடுத்த கதையும் ஒன்று உண்டு. அதை உரிய இடத்தில் சொல்கிறேன்.

கேள்வி (மூன்றாம் வகுப்பு ஆசிரியை): ஹைக்கூவின் இலக்கணத்தைக் கரும்பலகையில் எழுதிப் போட்டு, நான்கைந்து எடுத்துக்காட்டுகளையும் சொல்லி, "இயற்கையைப் பற்றி எழுதுங்கள்" என்றேன். அநேகமாக எல்லாருமே "அழகான பூ, அழகான வானம்" என்றுதான் எழுதினார்கள். முதல் பாடவேளையை எப்படித் தொடங்குவது?

இலக்கணத்தில் தொடங்கியதில்தான் சிக்கல். என்னைக் கேட்டால், ஹைக்கூ என்ற சொல்லையே முதல் நாள் சொல்ல வேண்டாம். சொன்ன உடனே குழந்தை "கவிதை" எழுத முனைந்துவிடும். கவிதை என்றால் அதற்குத் தெரிந்ததெல்லாம் பாடப்புத்தகத்துப் பாட்டு. அந்தப் பாட்டில் பூ அழகாகத்தான் இருக்கும், வானம் நீலமாகத்தான் இருக்கும், குயில் கூவித்தான் ஆக வேண்டும். உங்கள் மாணவர்கள் பொய் எழுதவில்லை. பார்க்காததை எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஆளுக்கொரு மீட்டர் நூலைக் கொடுத்து, இரு முனைகளையும் முடிச்சிடச் சொல்லி, வெளியே அழைத்துச் செல்லுங்கள். பிடித்த இடத்தில் அந்த நூலைத் தரையில் வட்டமாகப் போட்டுவிட்டு, ஐந்து நிமிடம் அந்த வட்டத்துக்குள் மட்டும் பார்க்க வேண்டும் என்பதுதான் விளையாட்டு. ஓர் அடி அகலமுள்ள மண். முதல் நிமிடத்தில் "ஒண்ணுமே இல்ல சார்" என்ற குரல் நாலா பக்கமும் கேட்கும். பதில் சொல்லாதீர்கள். இரண்டாவது நிமிடத்தில் யாராவது ஒருவன் குந்தி உட்காருவான். மூன்றாவது நிமிடத்தில் சிலர் முழங்காலில் நிற்பார்கள். அதன் பிறகு நீங்கள் கூப்பிட்டாலும் எழுந்து வர மாட்டார்கள்.

வகுப்புக்குத் திரும்பிய பிறகும் எழுதச் சொல்ல வேண்டாம், பேசச் சொல்லுங்கள். "என்ன தோன்றியது?" என்று கேட்காமல் "என்ன பார்த்தாய்?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்குக் குழந்தை ஆசிரியருக்குப் பிடித்த பதிலைத் தேடும். இரண்டாவது கேள்விக்கு அதனிடமே பதில் இருக்கிறது. எட்டு வயதுப் பையன் ஒருவனிடம் நடந்த உரையாடலை அப்படியே தருகிறேன்.

"எறும்பு போச்சு சார்."

"எப்படிப் போச்சு?"

"தூக்கிட்டுப் போச்சு."

"எதை?"

"ஈயோட றெக்கைய."

"முதல்ல எது உன் கண்ணுல பட்டுச்சு, எறும்பா, றெக்கையா?"

அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். "றெக்கைதான். றெக்கை தானா நடந்து போற மாதிரி இருந்துச்சு. குனிஞ்சு பாத்தா அடியில எறும்பு."

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் கவிதை இருந்தது. "மாதிரி" என்ற சொல்லை எடுத்துவிடலாமா என்று கேட்டேன், எடுத்தால் நிஜமாகவே நடப்பதுபோல ஆகிவிடுமே என்றான், ஆகட்டுமே என்றேன். கரும்பலகையில் எழுதியது இவ்வளவுதான்:

ஈயின் சிறகு
தானே நடந்து போகிறது
அடியில் ஓர் எறும்பு

கண்ணில் பட்ட வரிசை எதுவோ, அதுவே வரிகளின் வரிசை. "எறும்பு ஈயின் சிறகைத் தூக்கிக்கொண்டு போகிறது" என்ற வாக்கியத்திலும் இதே செய்திதான் இருக்கிறது. ஆனால் அதைப் படிப்பவருக்கு அந்தப் பையன் குனிந்து பார்த்த கணம் கிடைக்காது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹைக்கூ என்ற பெயரை நிலைநிறுத்திய மசாவோகா ஷிகி (1867–1902), ஓவியர்களிடமிருந்து "ஷாசெய்" என்ற சொல்லைக் கடன் வாங்கினார். கண்ணெதிரே இருப்பதைப் பார்த்து அப்படியே வரைவது என்று அதற்குப் பொருள். உங்கள் முதல் பாடவேளைக்கு அந்த ஒரு சொல்லின் பொருள் போதும். பெயரும் இலக்கணமும் மூன்றாவது வாரத்தில் வந்தால் ஒன்றும் கெட்டுவிடாது.

கேள்வி (நான்காம் வகுப்பு ஆசிரியர்): மூன்று வரிகளுக்கும் முறையே 5-7-5 என்ற அசைக் கணக்கைக் கட்டாயமாகக் கற்றுத்தர வேண்டுமா? தமிழில் எதை எண்ணுவது: எழுத்தையா, அசையையா, சொல்லையா?

ஜப்பானியர் எண்ணுவது நம்முடைய நேரசை, நிரையசையை அன்று. "ஓன்" எனப்படும் ஒலி அலகை. அது நம் மாத்திரைக்கு நெருக்கமானது. அங்கும் குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. "தோக்கியோ" என்ற நகரப் பெயரில் இரண்டு ஓகாரமும் நெடில் என்பதால் அதற்கு 4 ஓன். வேறுபாடு மெய்யெழுத்தில் இருக்கிறது: நாம் அரை மாத்திரை கொடுக்கும் இடத்தில் அவர்கள் முழு அலகையே கொடுத்துவிடுகிறார்கள். "நிப்பொன்" என்ற சொல்லும் 4 ஓன்தான்: நி, ப், பொ, ன்.

மட்சுவோ பாஷோ (1644–1694) 1686இல் எழுதிய தவளைக் கவிதையை எண்ணிப் பாருங்கள். ஃபு-ரு-இ-கெ-ய, ஐந்து, க-வ-ஜு-தொ-பி-கொ-மு, ஏழு, மி-ஜு-நொ-ஒ-தொ, ஐந்து. பழைய குளம், தவளை உள்ளே குதிக்கிறது, நீரின் ஓசை. அந்த மொழியில் பேச்சே ஐந்தும் ஏழுமாக இயல்பாக விழுகிறது.

தமிழில் அப்படி விழுவதில்லை. வேற்றுமை உருபும் சொல்லுருபும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் நம் சொற்கள் நீளமானவை. "மரத்திலிருந்து" என்ற ஒரே சொல்லில், ஒற்றுகளை விட்டுவிட்டு எண்ணினாலும், ஆறு எழுத்துகள் வந்துவிடுகின்றன. ஐந்தெழுத்து வரிக்குள் அந்தச் சொல்லே நுழையாது. ஒன்பது வயதுக் குழந்தையிடம் இந்தக் கணக்கைக் கொடுத்தால் அது விரல்விட்டு எண்ணத் தொடங்கும். எண்ணத் தொடங்கிய கை, பார்த்ததை விட்டுவிடும். "மரத்திலிருந்து விழுந்த இலை" என்று எழுத வந்த குழந்தை, எழுத்து மிகுந்துபோனதால் மரத்தையே வெட்டிவிட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே சொற்களை எண்ணச் சொல்லுங்கள். மொத்தம் எட்டுச் சொற்களுக்கு மேல் போகக் கூடாது, நடுவரி சற்று நீளமாக இருக்கலாம் என்ற இரண்டு விதிகள் போதும். ஐந்தாம் வகுப்பில், எண்ணுவதில் மகிழ்ச்சி காணும் ஒரு கூட்டம் எப்போதும் இருக்கும். அவர்களுக்கு மட்டும், ஒற்றுகளை விட்டுவிட்டு 17 எழுத்தில் எழுதும் பந்தயத்தை வைக்கலாம். ஒற்றை எண்ணாமல் எழுத்தை எண்ணுவது நமக்குப் புதிதன்று. கட்டளைக் கலித்துறை என்ற பழைய செய்யுள் வகையில் நேரசையில் தொடங்கும் அடிக்கு 16 எழுத்து, நிரையசையில் தொடங்கும் அடிக்கு 17 எழுத்து என்று எண்ணிப் பாடியவர்கள்தாம் நம் முன்னோர். ஒரு முழு ஹைக்கூவின் அளவு நமக்கு ஓர் அடி!

மூன்று வரி என்பதுகூட மாறாத சட்டம் அன்று. ஜப்பானில் ஹைக்கூவை மேலிருந்து கீழாக ஒரே வரியாக எழுதுவதுதான் மரபு. மூன்று வரியாக மடித்துப் போடுவது பிற மொழிகளில் வேரூன்றிய வழக்கம். குழந்தைகளுக்கு அது வசதியாக இருக்கிறது, எனவே வைத்துக்கொள்வோம்.

கேள்வி (ஒரு தாய்): எதுகை, மோனை வேண்டாமா?

தானாக வந்தால் விரட்ட வேண்டாம். தேடிப் போக வேண்டாம். "காற்று" என்று எழுதிவிட்டு "நேற்று", "ஊற்று" என்று தேடத் தொடங்கும் குழந்தை, நேற்று அடிக்காத காற்றைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கும்.

கேள்வி (ஆசிரியப் பயிற்சி பெறுபவர்): மாணவர்கள் உவமை இல்லாமல் எழுத மாட்டேன் என்கிறார்கள். பனித்துளி என்றால் முத்து, நிலா என்றால் வெள்ளித்தட்டு. உவமை தவறா? "அழகு" என்ற சொல்லை எப்படி ஒழிப்பது?

உவமை தவறன்று. ஆனால் நீங்கள் சொல்லியிருக்கும் இரண்டும் குழந்தையின் உவமைகள் அல்ல. பெரியவர்கள் பயன்படுத்தித் தேய்ந்து, குழந்தைகளின் தலையில் இறக்கி வைத்த சுமை அவை. முத்தை நேரில் பார்த்திராத குழந்தைக்குப் பனித்துளி எப்படி முத்தாகும்? இந்தப் பட்டியலில் இன்னும் சிலவற்றைச் சேர்க்கலாம்: பூவின் கண்ணீர், குளத்தில் விழுந்த நிலா, மரத்தின் மௌனம். இவை நன்றாக ஒலிக்கும், அதனாலேயே ஆபத்து. பெரியவர்களின் ஹைக்கூத் தொகுப்புகளிலும் பாதிப் பக்கங்களை இவைதான் நிரப்புகின்றன என்பது என் எண்ணம்.

தடை போடுவதை விட ஒரு சோதனையைக் கற்றுக்கொடுப்பது பயன்தரும். ஒவ்வொரு சொல்லையும் சுட்டி, "இதை வரைய முடியுமா? கேட்க முடியுமா? தொட முடியுமா? முகர முடியுமா?" என்று குழந்தையே கேட்டுப் பார்க்கட்டும். சிறகை வரையலாம். ஓசையைக் கேட்கலாம். "அழகு" இந்தச் சோதனையில் தானாகத் தோற்றுவிடும். ஒரு சிறுமி என்னிடம், "அழகை வரைய முடியும் சார், பூவை வரைஞ்சா போதும்" என்று சண்டைக்கு வந்தாள். அப்படியானால் பூ ஏற்கெனவே வரியில் இருக்கிறதே, அழகு எதற்கு என்று கேட்டேன். அவளே அடித்துவிட்டாள்.

பைன் மரத்தைப் பற்றிப் பைன் மரத்திடம் கற்றுக்கொள், மூங்கிலைப் பற்றி மூங்கிலிடம் கற்றுக்கொள் என்று பாஷோ சொன்னதாக அவருடைய மாணவர் தோஹோ குறித்து வைத்திருக்கிறார். பனித்துளியைப் பற்றி முத்திடம் கேட்காதே என்று நாம் அதை வகுப்பறைக்காகச் சற்றே மாற்றிச் சொல்லிக்கொள்ளலாம்.

கேள்வி (தமிழாசிரியர்): பேச்சுத்தமிழில் எழுதினால் ஏற்கலாமா? எவ்வளவு திருத்தலாம்?

நான் முன்பே ஒப்புக்கொண்ட குற்றத்துக்கு இப்போது வருகிறேன். ஏழு வயதுப் பையன் ஒருவன், தேங்கிய நீரில் ஒரு காகம் இறக்கையடித்துக் குளிப்பதைப் பார்த்துவிட்டு வந்து இப்படி எழுதினான்:

காக்கா குளிச்சது
தண்ணி
கருப்பாகல

எனக்குப் பிடித்திருந்தது. பிடித்ததை அப்படியே விட்டிருக்க வேண்டும். "கொஞ்சம் மெருகேற்றலாம்" என்று சிவப்பு மையை எடுத்து, "காகம் நீராடியது, கருமை கரையவில்லை, நீரின் தூய்மை" என்று மாற்றிக் கொடுத்தேன். அவன் அதை இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு, தாளை என் மேசையிலேயே வைத்தான். "இது நான் எழுதுனது இல்ல சார்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை, தவறிப்போய் வேறொருவருடைய குடையைக் கையில் கொடுத்தால் நாம் எப்படிச் சொல்வோமோ, அப்படிச் சொன்னான்.

அவனுடைய வரிகளில் ஓர் எதிர்பார்ப்பு இருக்கிறது. காகத்தின் கருப்பு தண்ணீரில் இறங்கும் என்று அவன் நிஜமாகவே காத்திருந்தான். "தண்ணி" என்ற சொல் தனி வரியில் நிற்பது, அவன் குனிந்து தண்ணீரைப் பார்த்த நேரம். நான் "கரையவில்லை" என்று முன்கூட்டியே சொல்லி அந்த நேரத்தை அழித்துவிட்டு, "தூய்மை" என்று ஒரு நீதியையும் ஒட்டிவைத்தேன். மூன்றாவது வரியில் நீதியை வைக்காமல் இருக்க நம் கைக்குத் தெரியாது போலிருக்கிறது.

அன்றிலிருந்து நான் வைத்துக்கொண்டிருக்கும் வழக்கம் இது: குழந்தையின் தாளில் ஆசிரியர் ஒரு சொல்லையும் சேர்ப்பதில்லை, எதை எடுத்துவிடலாம் என்று கேட்க மட்டும் செய்யலாம். "இது இல்லாவிட்டாலும் புரியுமா?" என்று கேட்டால், குழந்தை கூச்சமில்லாமல் வெட்டும். எழுத்துப்பிழையைக் கடைசியில், நல்ல தாளில் எடுத்தெழுதும்போது திருத்திக்கொள்ளட்டும். பேச்சுத்தமிழை முதல் இரண்டு வகுப்புகளில் அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். மூன்றாம் வகுப்பிலிருந்து இரண்டு வடிவங்களையும் உரக்கப் படிக்கச் சொல்லி, எது நன்றாக இருக்கிறது என்று எழுதியவரையே முடிவு செய்ய விடலாம். சிறகு பையன் "சிறகு" என்பதைத் தேர்ந்தெடுத்தான். காகப் பையன் "காக்கா"வை விடவே இல்லை. இருவரும் சரி.

மதிப்பெண் போடாதீர்கள். பத்துக்கு ஏழு வாங்கிய காகம் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

கேள்வி (ஐந்தாம் வகுப்பு ஆசிரியை): ஹைக்கூவில் பருவத்தைக் குறிக்கும் சொல் இருக்க வேண்டும் என்று படித்தேன். பனிப்பொழிவும் செர்ரிப் பூவும் பார்த்திராத குழந்தைகள் என்ன செய்வார்கள்?

"கிகோ" என்பது அந்தப் பருவச்சொல். ஜப்பானில் இச்சொற்களைப் பருவவாரியாகத் தொகுத்த "சாய்ஜிகி" என்ற அகராதிகளே இருக்கின்றன. நான்கு பருவங்களோடு புத்தாண்டையும் தனிப் பிரிவாக வைப்பது அவற்றில் வழக்கம். அங்கு தவளை என்றாலே வசந்தம். அடைமொழி இல்லாமல் நிலா என்று மட்டும் எழுதினால் அது இலையுதிர்காலத்து நிலா. ஒரே சொல்லில் வெயிலும் காற்றும் மணமும் வந்துவிடுவதால், 17 ஓனுக்குள் கவிஞருக்கு அது பெரிய சிக்கனம்.

இந்தச் சிக்கனம் தமிழ் படித்தவர்களுக்கு விளங்காததன்று. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறு பெரும்பொழுதுகளை வகுத்து, இன்ன நிலத்துக்கு இன்ன பொழுது, இன்ன பூ, இன்ன பறவை என்று முதற்பொருளும் கருப்பொருளுமாக அடுக்கிவைத்து, ஒரு பூவின் பெயரைச் சொன்னாலே அந்த நிலத்தின் மனநிலையும் சேர்ந்து வரும்படி செய்தது நம் திணை மரபு. 1916இல் சுதேசமித்திரனில் பாரதியார் ஜப்பானியக் கவிதையைப் பற்றிக் கட்டுரை எழுதியபோது அது அயல்நாட்டு விந்தையாக மட்டும் அவருக்குப் பட்டிருக்காது என்றே நான் நினைக்கிறேன்.

ஆனால் இந்த வரலாற்றைக் குழந்தைகளிடம் சொல்ல வேண்டியதில்லை. அவர்களே ஒரு சாய்ஜிகி தயாரிக்கட்டும். வகுப்புச் சுவரில் மாதத்துக்கு ஒரு பெரிய தாளை ஒட்டுங்கள். அந்த மாதம் புதிதாகக் கண்ணில் பட்டதையும், காணாமல் போனதையும் ஒவ்வொரு சொல்லாக எழுதி வரட்டும்: இறக்கை உதிர்த்த ஈசல், சூடான இரும்புக் கதவு, நத்தை போன தடம், கைகழுவும் இடத்தில் குளவி. ஓராண்டில் பன்னிரண்டு தாள்கள் சேரும். அடுத்த வகுப்புக்கு அதுவே அகராதி. கடன் வாங்கிய செர்ரிப் பூவை விட அந்தக் குளவிக்கு உயிர் அதிகம்.

கேள்வி (பள்ளித் தலைமையாசிரியர்): எங்கள் பள்ளியில் தோட்டமில்லை, மரமில்லை, சிமெண்டுத் தரைதான். இயற்கையை எங்கே காட்டுவது?

கொபாயாஷி இஸ்ஸா (1763–1828) ஏறத்தாழ 20,000 ஹைக்கூ எழுதியவர். ஈ, தெள்ளுப்பூச்சி, நத்தை, குருவிக்குஞ்சு என்று யாரும் பொருட்படுத்தாதவற்றைப் பற்றி எழுதியதாலேயே குழந்தைகளுக்கு அவரை மிகவும் பிடிக்கும். ஈ வராத பள்ளி எங்கும் இல்லை.

சிமெண்டுத் தரையில் வெயில் ஒரு நாளில் எவ்வளவு தூரம் நகர்கிறது என்று சுண்ணக்கட்டியால் கோடு போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மேகம் கடக்கும்போது தரையின் நிறம் மாறும். குழாயடியில் பாசி இருக்கும். சன்னலருகே ஒரு சிலந்தி கட்டாயம் இருக்கும். அதன் வலையைக் கலைக்க வேண்டாம் என்று மட்டும் துப்புரவுப் பணியாளரிடம் சொல்லி வையுங்கள். நான் இதைச் சொல்லி வைத்த ஒரு பள்ளியில், பத்து வயதுச் சிறுமி சிலந்தியைப் பற்றி எழுதாமல் இதை எழுதினாள்:

பெருக்கும் துடைப்பம்
சுவரோரப் புல்லருகே
கொஞ்சம் மெதுவாக

சுவரும் தரையும் சேரும் வெடிப்பில் ஒரே ஒரு புல். அதை அந்த அம்மா பிடுங்காமல் சுற்றிப் பெருக்குகிறார் என்பதை ஆசிரியர்கள் யாரும் கவனித்திருக்கவில்லை.

கேள்வி (ஒரு தந்தை): என் மகன் ஆறு வயது. இன்னும் சரளமாக எழுத வராது. காத்திருக்க வேண்டுமா?

வேண்டாம். அவன் சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள். அவன் சொன்ன சொல்லையே எழுத வேண்டும், திருத்தக் கூடாது என்பதுதான் ஒரே நிபந்தனை. அது அப்பாக்களுக்குக் கடினம். எழுதியதை அவனிடம் படித்துக்காட்டி, ஒரு வரி முடிந்ததும் கைதட்டி நிறுத்துங்கள். முதல் வரிக்குப் பிறகோ இரண்டாம் வரிக்குப் பிறகோ ஒரு மூச்சு நிற்க வேண்டும். ஜப்பானிய மொழியில் அந்த நிறுத்தத்துக்கென்றே "கிரெஜி", அதாவது வெட்டும் சொல், இருக்கிறது. தவளைக் கவிதையின் முதல் வரி ஈற்றில் வரும் "ய" அப்படிப்பட்டது. பழைய குளம் அங்கே நின்றுவிடுகிறது. தவளை பிறகுதான் வருகிறது. இரண்டு காட்சிகளுக்கு நடுவே கைதட்டும் இடம் எதுவென்று ஆறு வயதுக் குழந்தை காதாலேயே கண்டுபிடித்துவிடும்.

கேள்வி (நான்காம் வகுப்பு மாணவியின் அக்கா): தங்கை எழுதுவது எல்லாம் கணக்கு சாரின் மூக்குக் கண்ணாடி, தாத்தாவின் குறட்டை என்றே இருக்கிறது. இது ஹைக்கூதானா?

மனிதரின் விசித்திரங்களை அதே அளவில் பாடுவதற்கு "சென்ரியு" என்று தனிப்பெயர் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கராய் சென்ரியு என்பவரால் வந்த பெயர். அதில் பருவச்சொல் கட்டாயமில்லை. எழுதட்டும். குறட்டைக்கு நடுவே வெளியே என்ன சத்தம் கேட்டது என்று ஒரு நாள் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி (மூன்றாம் வகுப்பு ஆசிரியர்): என் வகுப்பில் வாய் திறக்காத குழந்தைகள் சிலர் இருக்கிறார்கள். உரக்க வாசிக்கச் சொன்னால் அழுகிறார்கள். எழுதியவற்றை என்ன செய்வது? போட்டி வைக்கலாமா?

போட்டியை விட நல்ல ஏற்பாடு ஒன்று ஜப்பானில் இருக்கிறது. "குகாய்" என்ற கவிதைக் கூடுகையில், ஒவ்வொருவரும் பெயர் எழுதாத சிறு தாளில் தம் கவிதையை எழுதிக் கொடுப்பார்கள். தாள்களைக் கலைத்துப் பகிர்ந்து, வேறொருவர் கையெழுத்தில் படியெடுப்பார்கள். எழுத்தைக் கொண்டும் ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. பிறகு எல்லாரும் தமக்குப் பிடித்தவற்றைத் தேர்ந்தெடுப்பார்கள். தேர்ந்தெடுத்த கவிதை வாசிக்கப்படும்போதுதான் அதை எழுதியவர் தம் பெயரைச் சொல்வார்.

தொடக்கப் பள்ளியில் இதை எளிதாகச் செய்யலாம். ஒரு பெட்டி, ஒரே அளவுத் தாள்கள், ஆளுக்கு இரண்டு கவிதைகளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. தன்னுடையதைத் தானே எடுக்கக் கூடாது. படியெடுக்கும் வேலை கையெழுத்துப் பயிற்சியாகவும் ஆகிவிடும். தேர்ந்தெடுத்தவர்கள், ஏன் பிடித்தது என்று ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். "நல்லாருக்கு" என்பது செல்லாது. எந்தச் சொல் பிடித்தது என்று சுட்ட வேண்டும். முதல் முறை சற்றுக் கூச்சலாக இருக்கும், நேரமும் கூடுதலாகப் பிடிக்கும்.

ஆண்டு முழுவதும் என்னிடம் தலையசைப்பை மட்டுமே பதிலாகத் தந்த ஒரு சிறுமி இருந்தாள். மழை பெய்த நாளொன்றில் வெளியே போக முடியாததால், சன்னல் வழியாகப் பார்த்தே எழுதச் சொல்லியிருந்தேன். பெட்டியிலிருந்து வந்த தாள்களில் ஒன்று இது:

மழை விட்ட சன்னல்
கம்பியில் ஏழு துளிகள்
இல்லை, ஆறு

படியெடுத்த பையன், "இல்லை" என்பதைப் பிழை என்று நினைத்து அடித்துவிடப் பார்த்தான். பக்கத்திலிருந்தவள் தடுத்து, "எண்ணும்போதே ஒண்ணு விழுந்துடுச்சுடா" என்று விளக்கினாள். மூன்றாவது வரியைப் பற்றி அதற்கு மேல் நான் விளக்க எதுவும் இருக்கவில்லை. பதினோரு பேர் அதைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். யார் எழுதியது என்று கேட்டபோது வகுப்பு முழுவதும் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தது. கடைசி வரிசையில் அவள் எழுந்து, தன் பெயரை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.